புதுப் பாட்டைப் பேர் சொல்லிக் கொடுப்பது: இண்டி, நாட்டார், றொக் – முதற்படி

போன வெள்ளிக்கிழமை காலமை நான் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்க, அண்ணாவின் மகளிடமிருந்து, என் மருமகளிடமிருந்து, வட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு வந்தது. கீழே ஒரு சொல்லும் இல்லை, நெருப்புப் படம் மட்டும் மூன்று. விளக்குமாற்றைச் சாத்திவிட்டு அழுத்தினேன். ஒரு கிற்றார், பின்னால் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பாடுகிற ஒரு பெடியன். முடிந்ததும் அவளுக்கு எடுத்தேன்.

"ஆர் பிள்ளை இது?"

"தெரியாது மாமி. ஒரு இண்டி பாண்ட். வந்து ரெண்டு நாள்தான்."

"இண்டி எண்டால்?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "இண்டி எண்டால்... இப்பிடித்தான் மாமி இருக்கும்."

அவளுக்குக் காது நல்ல காது. ஆயிரம் பாட்டுக்குள் இந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். ஆனால் அதை எனக்குத் தரும்போது அதோடு எதையும் சேர்த்துத் தரவில்லை: பாடியவர் பேர் இல்லை, எந்த இடம் பிடித்தது என்று இல்லை, ஏன் எனக்கு அனுப்பினாள் என்றும் இல்லை. அன்று பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது தேத்தண்ணி ஆறும் வரைக்கும் இதைத்தான் கதைத்தோம். அவளுக்குச் சொன்னதையே, புதிதாய் இந்தப் பக்கம் காது கொடுக்கிற எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

படப்பாட்டு எங்கள் காதுக்கு வருகிற வழி எல்லாருக்கும் தெரியும். படம் வருகிறது, ரீவியில் விளம்பரம் வருகிறது, கலியாண வீட்டில் போடுகிறார்கள், கோயில் திருவிழா இரவில் இசைக்குழு அதைப் பாடுகிறது. நாங்கள் தேடிப் போகாவிட்டாலும் அது எங்களைத் தேடி வந்துவிடும். தாங்களே எழுதி, தாங்களே பதிந்து வெளிவிடுகிறவர்களின் பாட்டுக்கு அப்படி ஒரு வாகனம் இல்லை. கேட்ட ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னால்தான் அது அடுத்த வீட்டுக்குப் போகும். அதனால்தான் இந்தப் பாட்டுகளைக் கேட்கப் பழகுகிறவர், அவற்றைக் கொடுக்கவும் கதைக்கவும் சேர்த்தே பழக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்களிடம் முன்பே இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட் என்று அந்த அறிவிப்பாளர்களின் குரல் எங்கள் வீட்டு ஆட்களின் குரல் மாதிரி. ஒரு பாட்டைப் போட முதல் எழுதியவர் ஆர், இசையமைத்தவர் ஆர், பாடியவர்கள் ஆர் என்று சொல்லித்தான் போடுவார்கள். நான் இசையமைப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதையே அப்படித்தான் அறிந்தேன். பாட்டு முடிந்து, அடுத்த முறை அதே பேர் வரும்போது, "ஓ, அவற்றை பாட்டோ" என்று காது தன்பாட்டில் நிமிரும்.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, பிறகு பல வருஷம் வரவில்லை. பற்றரியும் தடைப்பட்ட சாமான். அந்த நாட்களில் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவைப் பின் ரயரில் சாத்தி, வயரை இழுத்து றேடியோவிலும் கசற் பெட்டியிலும் கொழுவுவோம். ஒருவர் கையால் பெடல் சுற்ற, மற்றவர்கள் கேட்பது. எங்கள் வீட்டில் சுற்றுகிறவர் அண்ணா. அவர் கை களைத்துச் சுற்று மெல்லமானால் கசற்றும் மெல்லமாகும். பாடுகிறவரின் குரல் இழுபட்டுத் தடித்துக் கீழே இறங்கும். "அண்ணா, பாட்டு விழுகுது" என்று கத்துவேன். அவர் வேகமாய்ச் சுற்றுவார், குரல் மெலிந்து மேலே ஏறும். வேகம் என்றால் என்ன, சுருதி என்றால் என்ன என்று எனக்கு முதலில் சொல்லித் தந்தது அந்தப் பின் சில்லுத்தான்.

இண்டி

இண்டிபென்டன்ற் என்ற ஆங்கிலச் சொல்லின் வெட்டு இது. தமிழில் சுயாதீன இசை என்கிறோம். பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பதைவிட, அது எந்த வழியால் வந்தது என்பதைத்தான் இந்தச் சொல் முதலில் குறித்தது. காசு போட்டது ஆர், எந்தப் பாட்டை எப்போது வெளிவிடுவது என்று முடிவெடுத்தது ஆர், உரிமை ஆரிடம் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் "பாடியவர்களேதான்" என்றோ, "அவர்களோடு நிற்கிற ஒரு சின்னக் கம்பனி" என்றோ பதில் வந்தால் அது இண்டி. இன்று உலக இசை வியாபாரத்தின் பெரும் பங்கை வைத்திருப்பவை யூனிவர்சல், சோனி, வோர்னர் என்ற மூன்று பெரிய கம்பனிகள். அந்த மூன்றின் கைக்கு வெளியே இருப்பது என்று எளிதாய் நினைவில் வைக்கலாம்.

இதற்கு ஒரு நல்ல பிறப்புக் கதை உண்டு. இங்கிலாந்தின் மன்செஸ்ரரில் பஸ்கொக்ஸ் என்ற பாண்ட் தெரிந்தவர்களிடம் 500 பவுண் கடன் வாங்கி, நாலு பாட்டைப் பதிந்து, 1977 ஜனவரியில் 1000 இசைத்தட்டு அடித்தது. தட்டுக்கு வைத்த பேர் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. ஒரு கம்பனியின் வாசலிலும் காத்து நிற்காமல் இப்படிச் செய்யலாம் என்று அந்த நாட்டுப் பெடியள் பெட்டையளுக்குத் துணிவு வந்தது அதற்குப் பிறகுதான். எனக்கு அதில் பிடித்த விசயம் இன்னொன்று. எந்தப் பாட்டு எத்தனையாவது தடவை வாசித்தபோது பதிவானது, பிறகு மேலே கிற்றார் சேர்த்தார்களா இல்லையா என்று தட்டின் உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். பாட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதை மறைக்காமல் கேட்பவர் கையில் கொடுத்தார்கள். எங்கள் வானொலி அறிவிப்பாளர்கள் செய்ததற்குப் பக்கத்து வேலை அது.

1980 ஜனவரியில் பிரித்தானியாவில் இண்டிக்கென்றே தனி விற்பனை வரிசை வந்தது. பெரிய கம்பனிகளின் விநியோகம் இல்லாமல் கடைக்கு வந்த தட்டுக்குத்தான் அதில் இடம். பிறகு மெல்ல மெல்ல, அப்படி வந்தவர்கள் பலர் வாசித்த கிற்றார்ச் சத்தத்துக்கே இண்டி என்ற பேர் ஒட்டிவிட்டது. மருமகள் "இப்பிடித்தான் இருக்கும்" என்றது இந்த இரண்டாவது பொருளை. அதுவும் பிழை இல்லை. ஆனால் ஒரு பாட்டைப் பற்றிக் கதைக்கும்போது எந்தப் பொருளில் சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னால் வீண் சண்டை குறையும். கிற்றாரே இல்லாத றப் பாட்டும் வழியால் இண்டியாக இருக்கலாம். மெல்லிய கிற்றாரும் கரகரத்த குரலும் உள்ள பாட்டு ஒரு பெரிய கம்பனியிலிருந்து வந்திருக்கலாம்.

படத்தில் வராத பாட்டு எங்களுக்குப் புதினமும் இல்லை. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' எந்தப் படத்திலும் பிறக்காமல் எங்கள் கலியாண வீடுகளுக்குள் வந்து குந்திக்கொண்ட பாட்டு. மூன்று தலைமுறை அதற்குக் கை தட்டிவிட்டது.

நாட்டார் பாட்டும் ஃபோக்கும்

இங்கே கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கம் எங்களுக்கு வளம் அதிகம். ஃபோக் என்ற சொல்லும் இரண்டு பொருளில் ஓடுகிறது. ஒன்று நாட்டார் பாட்டு: எழுதியவர் பேர் தொலைந்து, வாய்க்கு வாய் மாறி வந்தது. தாலாட்டு, ஒப்பாரி, ஊஞ்சல் பாட்டு, அருவி வெட்டுப் பாட்டு எல்லாம் அதில் சேரும். மற்றது, கிற்றார் மாதிரி ஒரு வாத்தியத்தை வைத்துக்கொண்டு ஒருவர் தன் கதையைத் தானே எழுதிப் பாடுகிற புதுப் பாணி. அந்தப் பாணி மேற்கே நாட்டார் பாட்டிலிருந்துதான் முளைத்தது; ஆனால் அதில் எழுதியவருக்குப் பேர் உண்டு, வயதும் முகவரியும் உண்டு.

எங்கள் கடற்கரையில் அம்பா என்று ஒரு பாட்டு வகை இருக்கிறது. வடமராட்சி கிழக்குப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வலை கனம், எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்காவிட்டால் அசையாது. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் "ஏலேலோ" என்று ஏற்றுப் பாடிக்கொண்டே பின்னுக்குச் சாய்ந்து இழுப்பார்கள். சொல் விழுகிற இடமும் கால் மணலில் ஊன்றுகிற இடமும் ஒன்று. அங்கே தாளம் என்பது அலங்காரம் அல்ல. வலை கரைக்கு வருவதே அதால்தான். இன்றைக்கு ஒரு ஃபோக் றொக் பாண்டில் ஒருவர் ஒரு வரி பாட, மற்ற எல்லாரும் மைக்குக்கு ஓடி வந்து பதில் வரி பாடும்போது, எனக்கு அந்த மணல் நினைவுக்கு வரும். ஒரு குரல் அழைக்கிறது, பல குரல் ஏற்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துவிட்டால், எந்த நாட்டு ஃபோக் பாட்டிலும் எங்கே அழைப்பு, எங்கே ஏற்பு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இப்படி வாயில் இருந்தவற்றை ஓடியோடிச் சேர்த்து எழுதியவர்களும் எங்களிடம் இருந்தார்கள், வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் அவர்களில் ஒருவர். அவர்களைப் போன்றவர்கள் சேர்த்திராவிட்டால் பல வரிகள் பாடியவரோடேயே போயிருக்கும்.

புதுப் பாட்டொன்று நாட்டார் மெட்டை எடுத்து வரும்போது கேட்பவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது எங்கே இருந்தது, ஆரிடம் இருந்து வந்தது? 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் முழுக்க ஓடியது. சந்தோஷ் நாராயணன், தீ, அறிவு என்று மூன்று பேர் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாட்டுக்குள் ஒப்பாரி இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிப் போன ஒரு பாட்டியின் கதையும் இருக்கிறது. அது அறிவின் பாட்டி, வள்ளியம்மாள். பாட்டைக் கைமாற்றும்போது அந்தப் பேரையும் சேர்த்துச் சொன்னால், கேட்கிறவருக்கு அதே பாட்டு வேறு ஆழத்தில் கேட்கும். எங்கள் பக்கமும் அப்படித்தான்: காத்தவராயன் கூத்து மெட்டு ஒன்று எலெக்ரிக் கிற்றாரில் வந்தால் ஊர் ஆட்களுக்கு முதல் வரியிலேயே பிடிபடும். பிடிபடாதவருக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

றொக்

றொக்கைப் பிடிக்கக் கை போதும். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு என்று எண்ணுங்கள். ரெண்டிலும் நாலிலும் கை தட்டுங்கள். பெரும்பாலான றொக் பாட்டில் ட்றம்ஸின் அந்த 'டப்' என்ற அடி விழுவது அங்கேதான். எங்கள் ஊர்ப் பொப் பாட்டில் பழகிய பைலாத் தாளம் ஆறாறாய் உருளும், இடுப்பு தன்பாட்டில் ஆடும். நாலாய் நடக்கிற றொக்கில் தலைதான் முதலில் ஆடும்.

கிற்றார் திரும்பத் திரும்ப வாசிக்கிற ஒரு சின்னத் துண்டுக்கு ரிஃப் என்று பேர். பாட்டு மறந்தாலும் வாயில் நிற்பது அதுதான். கிற்றார் கரகரப்பது கருவி பழுதாகி அல்ல. கோயில் லவுட்ஸ்பீக்கரை அளவுக்கு மேல் திருப்பினால் சத்தம் உடைந்து கிழியும் அல்லவா, அதே வேலையைத்தான் அம்ப்ளிஃபயரில் வேண்டுமென்று செய்கிறார்கள். ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும்போது புதிய மேற்சுரங்கள் பிறக்கும். அதனால் ஒரே கிற்றார் நாலு கிற்றார் மாதிரித் தடித்துக் கேட்கும். எந்த இடத்தில் அந்தக் கரகரப்பைத் திறக்கிறார்கள், எந்த இடத்தில் மூடுகிறார்கள் என்று கவனித்தால் பாட்டின் பாதி விளங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பதிவு செய்யும்போது காதுக்குள் 'டிக் டிக்' என்று ஒரு தாள ஒலியை ஓடவிட்டு, அதை ஒட்டி வாசிப்பது இப்போது வழக்கம். அது இல்லாமல் எல்லாரும் ஒரு அறையில் முகம் பார்த்து வாசித்தால் வேகம் கொஞ்சம் முன்பின் அசையும். நான் அதைக் குறையாய் எண்ணுவதில்லை.

சரி, ஒரு புதுப் பாட்டு வந்துவிட்டது. பல நாடுகளிலும் புதுப் பாட்டு வெள்ளிக்கிழமை வருவது 2015 ஜூலை 10இல் தொடங்கிய வழக்கம். அதற்கு முதல் இங்கிலாந்தில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய். எங்கள் வீட்டில் வெள்ளி மரக்கறி நாள், கோயில் நாள். இப்போது புதுப் பாட்டு நாளாகவும் ஆகிவிட்டது.

முதல் தடவை ஒன்றும் யோசிக்காமல் கேளுங்கள். இரண்டாம் தடவை இயர்ஃபோன் கொழுவி, குரலை விட்டுவிட்டு வேறு ஒன்றைப் பின்தொடருங்கள், அடியில் தாழ்ந்த சுரத்தில் ஓடுகிற பேஸ் கிற்றாரை என்றாலும் சரி. மூன்றாம் தடவை சொல்லைக் கேளுங்கள். மருமகளும் நானும் அந்த மழைப் பாட்டை அப்படித்தான் கேட்டோம். இரண்டாம் தடவையில் அவள் கையைத் தூக்கினாள். 1 நிமிடம் 52 செக்கனில் ட்றம்ஸ் நின்றுவிடுகிறது. பேஸும் மழையும் மட்டும். அந்த நேரம் பார்த்து அவன் பாடுவது ஒரேயொரு வரி, அம்மா கதவைத் திறந்து வைத்திருப்பதைப் பற்றி. பிறகு ட்றம்ஸ் திரும்ப வருகிறது. "மாமி, கதவு திறந்தாப் போலதான் இருக்கு. அதுக்குத்தான் நிப்பாட்டி இருக்கிறாங்கள்" என்றாள். காலமை அனுப்பிய மூன்று நெருப்புப் படத்துக்குள் இருந்தது அதுதான். அவளுக்கே தெரியாமல் இருந்தது.

பாட்டைப் பற்றிக் கதைப்பது என்றால் இதுதான். "சோக்கான பாட்டு" என்பதில் நிற்காமல், எந்த இடம், அங்கே என்ன நடக்கிறது என்று சொல்வது. பிடிக்காவிட்டாலும் அப்படியே. "குரல் சரியில்லை" என்றால் பாடியவர் மனம் நோகும், அவருக்கு ஒன்றும் உதவாது. "இரண்டாம் சரணத்தில் கிற்றார் குரலை மூடுது, சொல் விளங்கேல்லை" என்றால் அடுத்த பாட்டில் திருத்தலாம். எங்கள் ஊர் சின்ன ஊர். ட்றம்ஸ் அடிக்கிற பெடியனின் அம்மம்மா பக்கத்து ஒழுங்கையில் இருப்பார். அதற்காக உண்மையை விழுங்க வேண்டாம். ஆளை விட்டுப் பாட்டைப் பிடித்துக் கதைத்தால் போதும்.

கைமாற்றுவதில் நான் விட்ட பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருஷத்துக்கு முன் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெடியன் தன் முதல் பாட்டை யூரியூப்பில் போட்டான். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இணைப்பை அனுப்பினால் ஆட்கள் திறக்க மாட்டார்கள் என்று நினைத்து, பாட்டை இறக்கி, ஒலிக் கோப்பாக நாற்பது பேருக்கு மேல் அனுப்பினேன். எல்லாரும் கேட்டார்கள், தங்கள் ஆட்களுக்கும் அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து அவனைக் கண்டபோது, "அன்ரி, பாட்டு நூறு பேருக்கு மேலே போகேல்லை, ஒருத்தருக்கும் பிடிக்கேல்லைப் போல" என்றான். கோப்பாகப் போனது ஒன்றும் அவன் கணக்கில் ஏறவில்லை. பேரும் கழன்றுவிட்டது, ஒரு கலியாண வீட்டில் அதே பாட்டைக் கேட்டு ஒருவர் என்னிடமே "ஆர் பாடினது" என்று கேட்டார். அந்தப் பெடியனின் முகம் இப்போதும் எனக்குள் நிற்கிறது.

ஆகவே இணைப்பாகவே அனுப்புங்கள், பாடியவர் தாங்களே போட்ட இடத்திலிருந்து. கேட்பவரை முழுதாகக் கேட்கச் சொல்லுங்கள்: ஸ்பொட்டிஃபையில் 30 செக்கனுக்குக் குறையக் கேட்டால் கணக்கில் வராது. 2024இலிருந்து, 12 மாதத்துக்குள் 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பணப் பங்கும் இல்லை. சின்னப் பாண்ட் ஒன்றுக்கு அந்த ஆயிரம் பெரிய மலை. அதைத் தாண்டுவது தெரிந்த ஆட்கள் நூறு பேர் பத்துத் தடவை கேட்பதால்தான். வாங்க வசதி இருந்தால், பாடியவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே விற்கிற பாண்ட்காம்ப் தளத்தில் வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில் அது எடுப்பது 15 சதவீதம், காசு அனுப்பும் செலவு போக மிச்சம் பாடியவர் பக்கம் போகும்.

மூலம் எது, கவர் (ஒருவர் பாடியதை இன்னொருவர் திரும்பப் பாடுவது) எது என்றும் பாருங்கள். யொஹானியின் குரலில் 2021இல் 'மெனிகே மகே ஹிதே' என்ற சிங்களப் பாட்டு எல்லாத் திசையும் ஓடியபோது, அது முந்தின வருஷமே சதீஷன் பாடி வெளிவந்த பாட்டு என்பது எத்தனை பேருக்குத் தெரிந்தது? யொஹானி பாடியது அழகு. முதற்பாட்டையும் ஒரு முறை கேட்டால், அவர் எதை மாற்றினார் என்று கதைக்க ஒரு நல்ல விசயம் கிடைக்கும்.

தேத்தண்ணி முடிய மருமகள் யூரியூப்பில் பாட்டுக்குக் கீழே இருந்த விவரத்தைத் திறந்தாள். காலமை அவள் அதைப் பார்க்கவே இல்லை. எழுதியவர், கிற்றார், பேஸ், ட்றம்ஸ், மிக்ஸிங் எல்லாருக்கும் பேர் போட்டிருந்தார்கள். கடைசி வரி: "மழை: கொக்குவில், ஒரு மாரி இரவு." அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு குடும்பக் குழுவில், முதலில் பாண்டின் பேரையும் பாடியவரின் பேரையும் போட்டு, இப்படி எழுதினாள்:

"இவை எங்கடை ஊர்ப் பெடியள். தாங்களே ஒரு அறைக்குள்ளே பதிஞ்சது. 1:52இலே ட்றம்ஸ் நிக்கிற இடத்தைக் கேளுங்கோ. பின்னாலே கேக்கிறது கொக்குவில் மழை. முடிய மட்டும் கேளுங்கோ."

பத்து நிமிடத்தில் அவளின் அப்பா, எங்கள் அண்ணா, கடையிலிருந்து பதில் போட்டார். "கேட்டன். கடைசிப் பல்லவி கொஞ்சம் ஓடுது, கவனிச்சியளோ? டிக் இல்லாமல் சேர்ந்து வாசிச்சிருக்கிறாங்கள் போல."

நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. திரும்பப் போட்டு, மேசையில் விரலால் தட்டிக்கொண்டு கேட்டோம். ஓடத்தான் செய்கிறது.